சர்க்கரைக்குத் தகுதியில்லாதவர்

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு, தேனி பழைய பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மிட்டாய்க் கடையின் மாடியில், நகர்ப்புறப் பணியாளர் நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தின் அலுவலகம் வந்து சேர்ந்தது. பெயரை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் பஸ் போய்விடும் என்பதால் ஊர் அதைச் சர்க்கரை ஆபீஸ் என்று சுருக்கிக்கொண்டது. அதில் ஒரு சங்கடம் இருந்தது. ரேஷன் அட்டையும் துணிப்பையுமாக ஆட்கள் மாடியேறி வரத் தொடங்கினார்கள்.

"ஏய்யா, இங்கன சீனி எப்பப் போடுவீக?"

"இங்க சீனி போட மாட்டோம்மா. சீனி வராமத் தடுக்குற ஆபீஸ் இது."

"அதான் கடையில மாசக்கணக்கா சீனி இல்லையாக்கும்" என்று ஒரு அம்மா மேலும் கீழும் பார்த்துவிட்டு இறங்கிப் போனாள்.

இப்படிப் பதில் சொல்லும் பொறுப்பு ராஜா முகம்மதுவுடையது. யாரும் ஒப்படைக்கவில்லை, அவருடைய மேசை வாசலுக்கு நேரே கிடந்தது, அவ்வளவுதான். உத்தமபாளையத்துக்காரர். நாற்பதைக் கடந்தவர். அதற்கு முன்பு ஊர்ப் பேரூராட்சியில் வரி வசூல் செய்துகொண்டு தெருத்தெருவாக நடந்தவர். கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்கத் தெரியும் என்று ஒருநாள் வாய்தவறிச் சொன்னதில் இங்கே அயல்பணிக்கு அனுப்பிவிட்டார்கள்.

வேலை கடினமானதல்ல. திட்டத்தின் களப்பணியாளர்கள் வங்கி, ஜவுளிக்கடை, மில், வக்கீல் ஆபீஸ் என்று போய் அங்கே வேலை பார்ப்பவர்களிடம் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டு வருவார்கள். ஒரு நாளில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தே இருக்கிறீர்கள்? எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள்? இரவில் தூக்கம் வருகிறதா? மேலதிகாரியால் மனஉளைச்சல் உண்டா? பதில்களை ராஜா முகம்மது கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். காலையில் உட்கார்ந்தால், மற்றவர்கள் எவ்வளவு நேரம் உட்காருகிறார்கள் என்பதை அடித்து முடிக்க விளக்குப் போடும் நேரம் ஆகிவிடும். பிறகு சின்னமனூர் வழியாகப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து ஊர் போய்ச் சேருவார். கேள்விகளை அவரிடம் யாரும் கேட்டதில்லை.

அந்த வருஷம் அவருக்குத் தாகம் அதிகமாக இருந்தது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். ராத்திரி அடிக்கடி எழுந்தார். சட்டை தொளதொளவென்று தொங்கியது. ஒருநாள் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தார். மற்றது எங்கே கழன்று விழுந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. மனைவி ரெஹானா வாசலில் நின்று இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னங்க, ஒத்தச் செருப்போட எப்படி நடந்து வந்தீக? கல்லு குத்தலையா?"

"குத்தலையே" என்றார் அவர். அவருக்கும் அது ஆச்சரியமாகத்தான் இருந்தது. ஆனால் ஆச்சரியப்படுவதற்குக்கூட அலுப்பாக இருந்ததால் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார்.

அலுவலகம் இயங்கத் தொடங்கி ஏழெட்டு மாதம் கழித்துத்தான் அதன் தொடக்க விழாவுக்குத் தேதி கிடைத்தது. சென்னையிலிருந்து இணை இயக்குநர் வந்தார். கீழ்க்கடை முதலாளி, கட்டடத்துக்குச் சொந்தக்காரர் என்ற முறையில், எல்லாருக்கும் சுடச்சுட ஜிலேபி கொடுத்தார். திட்ட அலுவலர் வேல்பாண்டி மைக்கைப் பிடித்தார். அவர் இங்கே வருவதற்கு முன்பு பட்டுப்புழு வளர்ப்பைக் கவனித்துக்கொண்டிருந்தவர். புழு விஷயத்தில் கெட்டிக்காரர் என்று பெயர். புழுக்களின் அபிப்பிராயம் தெரியவில்லை.

"இந்த மாவட்டத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கும் ஒருவருக்குக்கூட இனிமேல் சர்க்கரை நோய் வரக் கூடாது" என்று அவர் முழங்கினார். "அப்படி வந்தால் அது என் காதுக்கு வரக் கூடாது." ஒரு நொடி நிறுத்தினார். "அதாவது, என் காதுக்கு வராமல் போய்விடக் கூடாது."

பிறகு புது மெஷினில் முதல் சோதனை. அதற்கு ஓர் ஆரோக்கியமான ஆள் தேவைப்பட்டது. வேல்பாண்டி மேடையிலிருந்து சுற்றிலும் பார்த்தார். ஊழியர்கள் பலரும் தொப்பையோடு இருந்தார்கள். வயிறு ஒட்டிப்போய், கையில் பாதி ஜிலேபியோடு ராஜா முகம்மது தூண் பக்கத்தில் நின்றார்.

"பாய், மேல வாங்க. ஒல்லியா இருக்கீங்க, போட்டோவுக்கு நல்லாயிருக்கும்."

விரலில் குத்தினார்கள். தலைமை எழுத்தர் கருத்தக்கண்ணன், முந்தின நாள்தான் மெஷின் பயிற்சி முடித்தவர், மெஷினைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"என்ன காட்டுது?"

"நம்பர் வரல சார். இங்கிலீசுல எழுத்து வருது. ஹெச்… ஐ… ஹாய்ங்குது சார்."

வேல்பாண்டியின் முகம் மலர்ந்தது. "பார்த்தீர்களா?" என்றார் மைக்கில். "வெளிநாட்டு மெஷின். ஆரோக்கியமான மனிதரைப் பார்த்ததும் வணக்கம் சொல்கிறது." கூட்டம் கைதட்டியது. இணை இயக்குநரும் தட்டினார். ராஜா முகம்மது பதிலுக்கு மெஷினைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார்.

மேடையின் ஓரத்தில் டாக்டர் ஜெபமணி உட்கார்ந்திருந்தார். திட்டத்துக்கு வாரம் ஒருநாள், செவ்வாய்க்கிழமை, வந்து போகிறவர். அவர் எழுந்து வந்து வேல்பாண்டியின் காதில் சொன்னார்: "சார், அது வணக்கம் இல்ல, 'ஹை'. மெஷினால அளக்க முடியாத அளவுக்கு சர்க்கரை இருக்குன்னு அர்த்தம்."

"மேடையில வேண்டாம் டாக்டர்" என்றார் வேல்பாண்டி சிரித்த முகம் மாறாமல்.

விழா முடிந்ததும் ராஜா முகம்மதுவைக் கை கழுவிவிட்டு வரச் சொல்லி டாக்டர் மறுபடி சோதித்தார். விரலில் ஜிலேபிப் பாகு ஒட்டியிருந்ததால்தான் அந்த ஹாய். பாகைக் கழுவிய பிறகும் முந்நூற்றைம்பதுக்கு மேல் காட்டியது. ஒல்லிக்குக் காரணம் ஆரோக்கியமல்ல என்று டாக்டர் விளக்கினார். ராஜா முகம்மது தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பயமா வருத்தமா என்று பிரித்துப் பார்க்கும் அளவுக்கு உள்ளே எதுவும் அசையவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை வேல்பாண்டி அறையில் கூட்டம். நாற்காலிகளில் அவரும் டாக்டரும். கருத்தக்கண்ணன் பக்கத்தில் நின்றார். ராஜா முகம்மது கதவோரம்.

"டாக்டர், நீங்க மருத்துவ ரீதியாப் பேசுறீங்க. நான் திட்ட ரீதியாப் பேசுறேன்" என்று வேல்பாண்டி ஆரம்பித்தார். "அபாயக் காரணிகள்னு சென்னையிலிருந்து கொடுத்திருக்காங்க. பாய், உங்ககிட்ட கார் இருக்கா?"

"இல்லைங்க சார்."

"தொப்பை இல்ல, கண்ணாலயே தெரியுது. ஓட்டல்ல வாராவாரம் சாப்பிடுறீங்களா?"

"சோறு வீட்டுல இருந்து கொண்டாந்துருவேன் சார்."

"உட்கார்ந்து வேலை பார்க்குறவரா?"

"ஆமா சார். நாள் பூரா."

"எதுல உட்கார்றீங்க?"

"பிளாஸ்டிக் சேர்ல."

வேல்பாண்டி டாக்டரைப் பார்த்தார். "விதிப்படி சுழல் நாற்காலி. பிளாஸ்டிக் சேர் கணக்குல வராது. ஒரு காரணியும் இல்லாத மனுஷனுக்கு சர்க்கரை வந்துச்சுன்னா, இவ்வளவு செலவழிச்சு நாம எதுக்குக் காரணிகளைத் தேடிக்கிட்டு இருக்கோம்? ஜனங்களுக்கு நம்ம மேல என்ன நம்பிக்கை வரும்?"

"வந்திருக்கே சார்" என்றார் டாக்டர்.

"வந்திருக்கு. வர நியாயமில்ல."

கருத்தக்கண்ணன் மெதுவாகக் குனிந்தார். "சார், இன்னொண்ணு. பாய் குடியிருக்கிறது உத்தமபாளையம். அது பேரூராட்சி. திட்டப்படி கிராமக் கணக்கு. நம்ம திட்டம் நகர்ப்புறத்துக்குத்தான்."

"ஆனா சார், நான் நாளெல்லாம் தேனியிலதானே இருக்கேன்?" என்று ராஜா முகம்மது முதல்முறையாகத் தானாக வாய் திறந்தார்.

"இருக்கீங்க. வசிக்கல" என்றார் வேல்பாண்டி கனிவாக.

இருந்தாலும் அவர் கல்நெஞ்சக்காரர் அல்ல. சென்னைக்குத் தெளிவுரை கேட்டு எழுதினார். இரண்டு மாதத்தில் பதில் வந்தது. சம்பந்தப்பட்ட பணியாளர் நகராட்சி எல்லைக்குள் இருக்கும் நேரத்தில் அவருடைய நீரிழிவு இத்திட்டத்தின் வரம்புக்குள் வரும். எல்லையைக் கடந்தபின் வராது. அதாவது காலையில் பழனிசெட்டிபட்டிப் பாலத்தைத் தாண்டித் தேனிக்குள் பஸ் நுழைந்ததும் ராஜா முகம்மது சர்க்கரை நோயாளி. மாலையில் அதே பாலத்தைத் தாண்டும்போது சரியாகிவிடுவார்.

டாக்டர் காலைக்கு ஒரு மாத்திரையும் ராத்திரிக்கு ஒரு மாத்திரையும் எழுதியிருந்தார். கருத்தக்கண்ணன் பகல் மாத்திரையை மட்டும் கொடுத்தார். அது நகர எல்லையைத் தாண்டிப் போய்விடாமல் இருக்க, தன் கண்ணெதிரே விழுங்கச் சொன்னார். விழுங்கிய பிறகு வாயைத் திறந்து காட்டச் சொன்னார்.

"தப்பா நெனச்சுக்கிராதீக பாய். ஆடிட்ல கேப்பாக."

ராத்திரி மாத்திரையை அரசு ஆஸ்பத்திரியில் வாங்கிக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னார். அங்கே சர்க்கரைப் பிரிவு பகல் பன்னிரண்டு மணி வரைதான். ராஜா முகம்மது அரைநாள் விடுப்புக் கேட்டார். அது நவம்பர் மாதம். நீரிழிவு விழிப்புணர்வு மாதம் என்பதால் சர்க்கரை ஆபீசில் யாருக்கும் விடுப்புக் கிடையாது என்று சுற்றறிக்கை ஒட்டியிருந்தார்கள். அவர் அதைப் படித்துவிட்டு இருக்கைக்குத் திரும்பினார். அதை அடித்ததே அவர்தான்.

நடக்க வேண்டும் என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் மதியச் சாப்பாடு முடிந்ததும் ராஜா முகம்மது மாடி வராந்தாவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்க ஆரம்பித்தார். கருத்தக்கண்ணன் கதவில் வந்து நின்றார்.

"பாய், எங்கிட்டுப் போறீக?"

"எங்கிட்டும் போகல. சும்மா நடக்குறேன்."

"எங்கிட்டும் போகாம எப்படி நடப்பீக? சீட்டை விட்டு எந்திரிச்சா எங்க போறோம்னு எழுதிட்டுப் போகணும்ல?"

"என்ன எழுத?"

கருத்தக்கண்ணன் உண்மையாகவே யோசித்தார். அவருக்கும் தெரியவில்லை. மறுநாள் ராஜா முகம்மதுவுக்கு ஒரு மெமோ வந்தது: பணி நேரத்தில் நோக்கமின்றி நடமாடியது ஏன்?

அந்த வாரமே ஊழியர்களுக்குக் கருத்தரங்கு. தலைப்பு, உட்கார்ந்தே இருப்பதன் தீமைகள். காலையில் உட்காரவைத்தார்கள். வேல்பாண்டி பேசினார். "நாற்காலிதான் நம் காலத்தின் கொலைகாரன்" என்றார். "மனித உடல் நடப்பதற்காகப் படைக்கப்பட்டது" என்றார். டீ வந்தது, கூடவே கீழ்க்கடையிலிருந்து மைசூர்பாகு வந்தது. உட்கார்ந்தபடியே சாப்பிட்டார்கள். பிற்பகலிலும் அவர் பேசிக்கொண்டிருந்தார். ராஜா முகம்மதுவுக்கு இடுப்புக்குக் கீழே கால் இருக்கிறதா என்ற சந்தேகம் வந்துவிட்டது. மெல்ல எழுந்து நின்றார்.

"பாய், என்ன?"

"ஒண்ணுமில்ல சார். கொஞ்ச நேரம் நின்னுக்கிர்றேன்."

"உக்காருங்க பாய். உட்கார்றதோட ஆபத்தைப் பத்தி இவ்வளவு முக்கியமாப் பேசிக்கிட்டு இருக்கேன், நீங்க எந்திரிச்சா மத்தவங்க கவனம் சிதறுதுல்ல?"

அவர் உட்கார்ந்தார்.

நவம்பர் பதினான்கு, நீரிழிவு நாள். நடைப் பேரணி. பஸ் நிலையத்திலிருந்து நேரு சிலை வழியாக, கூட்டம் நடக்கும் மண்டபம் வரை. பள்ளிப் பிள்ளைகள், வங்கி ஊழியர்கள், ஜவுளிக்கடைப் பணியாளர்கள் எல்லாரும் வெயிலில் தரையில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். வேல்பாண்டி திறந்த ஜீப்பில் வந்தார். ஜீப்பிலேயே நின்று மைக்கில், "நடங்கள்! நடங்கள்! வாகனத்தைத் தவிருங்கள்!" என்றார். ஜீப் நகர்ந்தது. அதற்குப் பின்னால் பதாகையின் ஒரு கம்பை ராஜா முகம்மது பிடித்துக்கொண்டார். மறு கம்பைக் கருத்தக்கண்ணன் பிடித்தார்.

சாலையில் எங்கோ லாரிப் பெட்டியிலிருந்து விழுந்த ஆணி ஒன்று கிடந்தது. ராஜா முகம்மது அதை மிதித்தார். மிதித்தது அவருக்குத் தெரியாது. செருப்பைத் துளைத்துக் காலுக்குள் போயிற்று. போனதும் தெரியாது. நேரு சிலை அருகே போக்குவரத்தை ஒதுக்கிக்கொண்டிருந்த போலீஸ்காரர்தான் பார்த்தார்.

"பாய்! பாய்! கால்ல ரத்தம்! ரோடெல்லாம் ரத்தம் பாருங்க!"

ராஜா முகம்மது திரும்பிப் பார்த்தார். தார் ரோட்டில் ஒற்றைக்கால் சுவடு சிவப்பாக அவர் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. யாருடையதோ போல இருந்தது. அவர் நின்றார். பதாகை ஒரு பக்கம் சாய்ந்தது.

"பதாகை சாயுது! பதாகையைப் பாருங்க!" என்று ஜீப்பிலிருந்து குரல் வந்தது.

கம்பை நிமிர்த்திக்கொண்டு அவர் மீதித் தூரத்தையும் நடந்தார். மண்டபத்தில், ஊழியர்களில் சுணங்காமல் நடந்தவர் என்று அவருக்கு ஒரு பரிசு கொடுத்தார்கள். அரைக் கிலோ பால்கோவா.

வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றப் பார்த்தார். வரவில்லை. ரெஹானா குனிந்து இழுத்தாள். அப்போதும் வரவில்லை. அவர் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"அல்லாவே! செருப்பு கால்லயே தைச்சுக் கிடக்குங்க!"

அவளே கொறடை எடுத்து வந்தாள். பிடுங்கும்போது அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே பிடுங்கினாள். அந்த முகத்தில் ஒரு சுருக்கமும் விழவில்லை. எதிர்வீட்டுக்காரர் ஆணி பிடுங்குவதைப் பார்ப்பவர் போல உட்கார்ந்திருந்தார்.

"வலிக்குதா?"

"இல்ல."

"கொஞ்சங்கூடவா?"

"இல்ல ரெஹானா."

ஆணியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அழுதாள். "நீங்க ஒரு கத்து கத்தியிருந்தீகன்னா நான் அழுதிருக்க மாட்டேன்" என்றாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை டாக்டர் ஜெபமணி புண்ணைப் பார்த்தார். சட்டென்று குரல் உயர்ந்தது. "இன்னைக்கே ஆஸ்பத்திரியில சேருங்க. வீட்டுக்குப் போய்த் துணி எடுத்துட்டு வர்றேன்னுகூடச் சொல்லாதீங்க."

ராஜா முகம்மது வேல்பாண்டியின் அறைக்குப் போனார். அந்த வாரம் இணை இயக்குநரின் ஆய்வு. எல்லாப் புள்ளிவிவரமும் ராஜா முகம்மதுவின் கம்ப்யூட்டருக்குள் இருந்தது.

"இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்ச மறுநிமிஷம் நானே என் ஜீப்புல கொண்டுபோய்ச் சேர்க்குறேன் பாய்" என்றார் வேல்பாண்டி. "உங்களை மாதிரி ஆளுங்க உடம்பு நல்லா இருக்கணும்னுதானே இந்தத் திட்டமே? அது நல்லபடியா நடக்கட்டும். வலி ரொம்ப இருக்கா?"

"வலி இல்ல சார்."

"அப்புறமென்ன?"

வலியில்லாத ஒரு காலை வைத்துக்கொண்டு எப்படி வாதாடுவது என்று ராஜா முகம்மதுவுக்குத் தெரியவில்லை. போய் உட்கார்ந்தார்.

ஆய்வு அந்த வாரம் நடக்கவில்லை. அடுத்த வாரத்துக்குத் தள்ளினார்கள். பிறகு அதற்கும் அடுத்த வாரம். ரெஹானா தினம் கட்டு மாற்றினாள், தினம் சண்டை போட்டாள். "கையைக் காலை வித்தா சம்பளம் வாங்கணும்? நாளைக்கு நானே வந்து உங்க சாரைக் கேக்குறேன்" என்பாள். அவர், "இந்த வாரம் முடிஞ்சிரும்" என்பார். அலுவலகத்தில் ஒரு வாடை வர ஆரம்பித்தது. கருத்தக்கண்ணன் ஊதுபத்தி கொளுத்தினார். சாமி படத்துக்கு ஒன்று, ராஜா முகம்மதுவின் மேசைக்கு ஒரு கொத்து.

கடைசியில் இணை இயக்குநர் வந்தார். வாசலில் நின்று மூக்கைச் சுளித்தார். "என்ன வாடை?"

"கீழ மிட்டாய்க் கடை சார்" என்றார் வேல்பாண்டி. "நெய் சரியில்ல போல."

அன்று பிற்பகலே உணவு ஆய்வாளர் கீழ்க்கடைக்குப் போய் இரண்டு டின் நல்ல நெய்யைச் சாக்கடையில் ஊற்றினார்.

அதே நேரத்தில் மாடியில் ராஜா முகம்மது, ஒரு வங்கியின் ஊழியர்கள் தினமும் எவ்வளவு நேரம் உட்காருகிறார்கள் என்ற கட்டத்தில் ஒன்பது என்று அடித்தார். காய்ச்சலில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. விரல் எடுபடவில்லை. அப்படியே விசைப்பலகையின் மேல் சாய்ந்தார். திரையில் ஒன்பதுகள் ஓடிக்கொண்டே இருந்தன. அவரைத் தூக்கிக்கொண்டு போன அவசரத்தில் யாரும் அதைத் திருத்தவில்லை. அந்தக் காலாண்டில் தேனி நகரில் ஒரு வங்கி ஊழியர் நாளொன்றுக்குச் சராசரியாகப் பல கோடி மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார் என்று அறிக்கை போனது. சென்னையில் அதன் ஓரத்தில், 'கவலைக்குரியது' என்று எழுதினார்கள்.

ஆஸ்பத்திரியில் அவருடைய வலது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். "இன்னும் ரெண்டு நாள் பிந்தியிருந்தா கணுக்காலோட போயிருக்கும்" என்று அங்கிருந்த சர்ஜன் ரெஹானாவிடம் சொன்னார். மயக்கம் தெளிந்து ராஜா முகம்மது கட்டுப்போட்ட காலைப் பார்த்தார். வெள்ளையாக, குட்டையாக இருந்தது. ரெஹானா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஏதாவது வருமா என்று. ஒன்றும் வரவில்லை. "தண்ணி குடு" என்றார்.

சில நாள் கழித்து வேல்பாண்டி ஹார்லிக்ஸ் பாட்டிலும் திராட்சையும் போட்டோகிராபருமாக வந்தார். கருத்தக்கண்ணன் ஒரு சால்வையை மடித்துக் கையில் வைத்திருந்தார்.

"வாழ்த்துகள் பாய்!" என்று வேல்பாண்டி கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சென்னையில விதியை மாத்திட்டாங்க. உறுப்பு இழந்தவர்களுக்கு வசிப்பிட வேறுபாடு கிடையாது, அபாயக் காரணியும் பார்க்க வேண்டியதில்ல. நீங்க முழுசாத் தகுதி பெற்றுட்டீங்க. மாவட்டத்துலயே முதல் பயனாளி!"

"இனிமே ராத்திரி மாத்திரையும் உண்டு பாய்" என்றார் கருத்தக்கண்ணன். சால்வையைப் போர்த்தும்போது காலைப் பார்க்காமல் இருக்க அவர் சிரமப்பட்டது தெரிந்தது.

ரெஹானா முன்னால் வந்தாள். "சார், ரெண்டு விரல் இருந்தப்ப இந்த மாத்திரையைக் குடுத்திருந்தீகன்னா என்ன சார் கொறைஞ்சிருக்கும்?"

வேல்பாண்டி அவளை அனுதாபத்தோடு பார்த்தார். "அப்ப விதி இல்லம்மா" என்றார்.

இரண்டு வாரத்தில் பாராட்டு விழா வைத்தார்கள். அதே மண்டபம். மேடைக்குப் பின்னால் ராஜா முகம்மதுவின் பாதம் பெரிதாக அச்சிட்டுத் தொங்கியது, முகம் இல்லை. ரெஹானா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வரவேற்புரை, முன்னிலை உரை, தலைமை உரை. தலைமை உரையில் வேல்பாண்டி சொன்னார்: "நம் அலுவலகத்தில் அத்தனை வசதி இருந்தும், அத்தனை விழிப்புணர்வு இருந்தும், ஒருவர் இந்த நிலைக்கு வந்திருக்கிறார் என்றால், மக்களே, விழிப்புணர்வு இன்னும் எவ்வளவு தேவை என்று பாருங்கள். எனவே இத்திட்டத்தை மேலும் பத்தாண்டுகள் நீட்டிக்கக் கேட்டிருக்கிறோம்."

பிறகு ராஜா முகம்மதுவைப் பேசக் கூப்பிட்டார்கள். கம்பை ஊன்றி மைக் முன்னால் வந்தார். படிக்க வேண்டியதை முன்பே தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவர் படித்தார்.

"என் பெயர் ராஜா முகம்மது. நான் என் உடலை அலட்சியம் செய்தேன். நடக்காமல் சோம்பி உட்கார்ந்திருந்தேன். மருத்துவமனைக்குச் செல்லாமல் காலம் கடத்தினேன். என்னைப் பார்த்து…"

அங்கே நிறுத்தினார். மண்டபச் சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. அதைப் பார்த்தார். அவருக்குக் கோபம் வந்ததா என்று கேட்டால், வரவில்லை. ஒரு சின்னக் கணக்கு மட்டும்தான் தலைக்குள் ஓடியது.

"மணி பதினொண்ணே கால் ஆகப்போகுது" என்றார் மைக்கில். "ஆஸ்பத்திரியில பன்னெண்டுக்குச் சீட்டு நிறுத்திருவாக. கட்டு மாத்தணும். நான் போறேன்."

தாளை மடித்து மைக் கம்பத்தில் செருகினார். மேடையை விட்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். ரெஹானா எழுந்து வந்து அவர் கையைப் பிடித்தாள். இரண்டு பேரும் நாற்காலிகளுக்கு நடுவில் வாசலைப் பார்த்து நடந்தார்கள்.

பிறகு வேல்பாண்டியின் குரல் மைக்கில் எழுந்தது. "பாருங்கள்! எப்படி நடக்கிறார் பாருங்கள்! இதுதான் நம் திட்டத்தின் வெற்றி!"

மண்டபமே எழுந்து கைதட்டியது. அன்று முழுக்க அங்கே யாராவது எழுந்து நின்றார்கள் என்றால் அப்போதுதான். கைதட்டல் முடிவதற்குள் அவர்கள் ஆட்டோவில் ஏறிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும்போது கருத்தக்கண்ணனிடமிருந்து போன் வந்தது. "பாய், எங்க போறீகன்னு எழுதிட்டுப் போகலையே. சார் கேக்குறாக. என்ன போடட்டும்?"

"உள்ளதைப் போடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு ராஜா முகம்மது போனை அணைத்தார்.

உள்ளே அக்கம்மாள் என்ற நர்ஸ் கட்டைப் பிரித்தார். புண் உலர்ந்து வருகிறது என்றார். ரெஹானா கேட்ட கேள்விகளுக்கெல்லாம் கையை நிறுத்தாமல் பதில் சொன்னார். பிறகு மழுங்கிய ஊசி ஒன்றை எடுத்துக்கொண்டார்.

"கண்ணை மூடிக்கங்க பாய். குத்துறது தெரிஞ்சா சொல்லணும். சரியா?"

அவர் கண்ணை மூடினார். வெளியே யாரோ யாரையோ டோக்கன் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒருவர் இருமினார். நேரம் போனது.

"என்ன சிஸ்டர், இன்னும் ஆரம்பிக்கலையா?"

ரெஹானா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசி அடிப்பாதம் முழுக்கப் போய்விட்டு, குதிகாலைத் தாண்டி, கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்தது.

"ஆ!" என்று கத்தினார் ராஜா முகம்மது.

பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார்.

"வலிக்குதா?"

"வலிக்குது சிஸ்டர்" என்றார் அவர். கண்ணைத் திறந்து ரெஹானாவைத் தேடினார். "வலிக்குது ரெஹானா, இங்கன. இந்தா, இங்கன வலிக்குது."

"நல்லது" என்றார் அக்கம்மாள். "மரத்துப்போறதை இதுக்கு மேல ஏறவிடாமப் பாத்துக்கிருவோம். நாள் தவறாம வரணும்."

"வருவாக" என்றாள் ரெஹானா. முகமெல்லாம் நனைந்திருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அக்கம்மாள் ஊசியைத் தட்டில் வைக்கப்போனார். ராஜா முகம்மது காலை இழுத்துக்கொள்ளாமல் அப்படியே நீட்டியிருந்தார்.

"இன்னொரு தடவை குத்துங்க சிஸ்டர்" என்றார்.